நடு டப்பாவை வெட்டி எறியச் சொன்னவங்களுக்கு

மஞ்சள் வேகவைக்கிறதப் பத்தின பாக்கியை இந்த வாரம் எழுதறதாச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இப்ப கொஞ்சம் கோவத்துல இருக்கேன், ஆறிப் போறதுக்குள்ள எழுதிடணும்.

விஷயம் இதுதான். எங்க காருக்கு அடியில, சைலன்சர் குழாயில இருக்கிற ரெண்டு டப்பா லொடலொடன்னு ஆடுச்சு. ரெசனேட்டர்னு அதுக்குப் பேரு. பட்டறையில நடு டப்பான்னு சொன்னாத்தான் தெரியும். ரெண்டையும் கழட்டிட்டுப் புதுசு வைக்கணும், அவ்வளவுதான் வேலை. இதுக்கு மூணு பட்டறை ஏறி இறங்கினேன். "மாத்தித் தர்றேன்"னு ஒருத்தர் வாயிலயும் வரலீங்க.

வண்டி பையன் ரெண்டு வருசத்துக்கு முன்னாடி திருப்பூர்ல பழசா வாங்கினது. பெட்ரோல், நாலு சிலிண்டர். முன்னால வச்சிருந்தவர், வண்டியோட வந்த சைலன்சரைக் கழட்டிப் போட்டுட்டு, வெளி மார்க்கெட்டுல ஒரு செட் வாங்கி மாட்டியிருந்தார். பின்னால தெரியற வால்குழாய் சொம்பு வாய் அளவுக்கு இருக்கும். நான் விலையப் பாத்தேன், பையன் அந்தக் குழாயப் பாத்தான். ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு, வாங்கிட்டோம்.

இப்ப அந்த வண்டி பாதி நேரம் என் கையிலதான் இருக்குது. பின் சீட்டை மடக்கி கத்தரியும் வெண்டையும் ஏத்திக்கிட்டு விடியக்காலம் நாலரைக்கு உழவர் சந்தைக்குக் கிளம்புவேன். தை மாசத்துல ஒரு நாள் ஊருக்குள்ள திரும்பறப்ப, தகர டப்பாவுல கூழாங்கல்லப் போட்டுக் குலுக்கற மாதிரி ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சா வரும், நல்லா மிதிச்சா அமுங்கிடும். சரி, வெளிய இருக்கிற ஏதோ தகடுன்னு விட்டுட்டேன். ஒரு மாசத்துல அது ஊரையே எழுப்பற அளவுக்கு வந்துடுச்சு. எங்க வீதியில ஒரு புள்ள பெரியவளுக்கு அப்பத்தான் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்துச்சு. அவங்க அம்மா வாசல் தெளிக்கிறப்ப என்னை நிறுத்தி, "ஏனுங் மாமா, நாலரைக்கு எந்திரிக்கிறது நீங்க மட்டும்னு இருக்கட்டுமே, எங்களையும் எதுக்குங் எழுப்பறீங்க?"ன்னு கேட்டுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டுச்சு. எனக்குத்தான் மூஞ்சிய எங்க வைக்கிறதுன்னு தெரியல.

முதல் பட்டறை, டவுன்ல பெரிய கண்ணாடி போட்ட கடை. பையன் வண்டிக்கு அடியில எட்டிக்கூடப் பாக்கல. "முழு செட்டா மாத்திடலாங் அண்ணா, 18,000 ஆகும், இதைவிட நல்லா சத்தம் வரும்"னான். தம்பி, சத்தம் வேண்டாம்னுதானப்பா வந்திருக்கேன்னு சொன்னேன். அவனுக்கு நான் சொன்னது விளங்கவே இல்ல. மருந்துக் கடையில போயி காய்ச்சல் வேணும்னு கேட்ட மாதிரி பாத்தான்.

ரெண்டாவது ஆள் கொஞ்சம் விவரமானவர். அடியில போயித் தட்டிப் பாத்து, ரெண்டு டப்பாவும் போச்சுன்னு சரியாத்தான் சொன்னார். சொல்லிட்டு, "வெட்டி எறிஞ்சுட்டு ரெண்டு எடத்துலயும் சாதா பைப்பு வச்சு ஒட்டிடறேன். 600 ரூபாய்தான். லொடலொடப்பு அன்னைக்கே போயிரும்"னார். லொடலொடப்பு போயிரும்தான். பல் வலிக்குதுன்னு போனவனுக்குத் தாடையைக் கழட்டிக் குடுக்கற வைத்தியம். அந்த டப்பா எதுக்கு இருக்குதுங்கன்னு கேட்டேன். "அது சும்மா, கம்பெனிக்காரன் செலவு காட்டறதுக்கு வைக்கிறது"ன்னு ஒரு பதில்.

மூணாவது ஆள் சொன்னதுதான் எனக்கு இன்னிக்கும் வயித்தக் கலக்குது. வெளியில இருந்து டப்பாவுல ஓட்டை போட்டு ஒரு ஸ்க்ரூவை முறுக்கி இறக்கினா, உள்ள ஆடற தகட்டை அது இறுக்கிப் பிடிச்சுக்குமாம். 100 ரூபாய் வேலை. நூத்துக்கு முடிஞ்சா விடு போன்னு பையனும் தலையாட்டினான். அந்த ரெண்டாவது டப்பா எங்க இருக்குது? பின் சீட்டுக்கு நேர் அடியில. பின் சீட்டுல யாரு தூங்கிக்கிட்டு வர்றது? என் பேத்தி. ஸ்க்ரூவைச் சுத்தித் துரு பிடிச்சு ஓட்டை பெருசானா புகை நேரா மேலதான் ஏறும். வண்டிப் புகையில கார்பன் மோனாக்சைடுன்னு ஒண்ணு இருக்குது, அதுக்கு நிறமும் இல்ல, வாசமும் இல்ல. கண்ணாடிய ஏத்திவிட்டு ஏசி போட்டுக்கிட்டுப் போறப்ப அது உள்ள வந்தா, தலை வலிக்குதேன்னு நெனைப்போம், தூக்கம் வருதேன்னு நெனைப்போம். வண்டிக்குள்ள தூங்கினவங்க எந்திரிக்கவே இல்லைன்னு பேப்பர்ல எத்தனை தடவை படிச்சிருக்கோம். 100 ரூபாய்க்கு அந்த வழியத் தொறந்து விடறேன்னு ஒருத்தர் சொல்றாரு, நாம தலையாட்டறோம்.

கடைசியில நானே ஒரு ஞாயித்துக்கிழமை வண்டிக்கு அடியில போனேன். இதைப் படிச்சுட்டு யாராவது போறதா இருந்தா ஜாக்கிய மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க, நாலு கனமான கட்டையாவது அண்டை குடுங்க. வண்டி நல்லா ஆறியிருக்கணும். முட்டிய மடக்கி முன்னாலிருந்து ஒவ்வொண்ணா குத்திக்கிட்டே வரணும். மொதல்ல வர்றது கன்வெர்ட்டர். அதுக்குள்ள தேன்கூடு மாதிரி பீங்கான் இருக்கும், அது ஒடஞ்சாலும் இதே சத்தந்தான் வரும், ஆனா செலவு வேற. எங்களது நல்லா இருந்துச்சு. மேல மூடியிருக்கிற வெப்பத் தகடு, குழாயத் தொங்கவிட்டிருக்கிற ரப்பர், எல்லாம் பாத்தேன். ரப்பர் நாலும் வெடிச்சுக் கெடந்துச்சு. டப்பா ரெண்டையும் குத்தினப்ப உள்ள ஏதோ உருண்டுச்சு.

கழட்டினதுக்கு அப்புறம் ஒண்ணை கிரைண்டர்ல நீளவாக்குல பொளந்து பாத்தேன். ஆடு அறுத்துக் கொடல் பாக்கற மாதிரி பேத்தி பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தா. மொதல்ல துருத் தண்ணி ஒரு டம்ளர் அளவுக்கு ஊத்துச்சு. உள்ள ஒரு குழாய், அது பூராவும் சல்லடை மாதிரி ஓட்டை. அதைச் சுத்திக் கண்ணாடிப் பஞ்சு இருந்திருக்கணும். கருகிப் போயி ஒரு கைப்பிடி கரித்தூள்தான் இருந்துச்சு, மிச்சமெல்லாம் எப்பவோ வால்குழாய் வழியா ஊர்மேல பறந்துடுச்சு. சல்லடைக் குழாய் ஒரு பக்கம் வெல்டிங் விட்டுப் போயி, டப்பாவுக்குள்ள மணியோட நாக்கு மாதிரி ஆடிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் நாலு நாலு பொட்டு வச்சுத்தான் ஒட்டியிருக்காங்க. மேல மட்டும் கண்ணாடி மாதிரி பாலிஷ். பட்டு வேட்டிக்குள்ள கிழிஞ்ச கோவணம்.

தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு பையன் கேட்டான். பெட்ரோல்ல ஹைட்ரஜன் இருக்குது, அது எரிஞ்சா தண்ணி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா குழாய் வழியா போகுது. தூரமா ஓடற வண்டியில குழாய் சூடேறி எல்லாம் வெளிய போயிடும். நம்ம வண்டி எங்க தூரமா ஓடுது? சொசைட்டிக்கு மூணு கிலோமீட்டர், உரக்கடைக்கு நாலு கிலோமீட்டர். சூடேறதுக்குள்ள நிறுத்திடறோம். தண்ணி உள்ளயே தங்கி உள்ளிருந்தே தின்னுடுது. அதனாலதான் நல்ல டப்பாவுல அடியில ஊசி மொனை அளவுக்கு ஒரு ஓட்டை வச்சிருப்பாங்க, தண்ணி வடியறதுக்கு. இதுல அதுவும் இல்ல. கிராமத்துக்காரன் வண்டிக்கு இந்த டப்பா சீக்கிரம் போகும்னு விக்கறப்ப ஒருத்தனும் சொல்றதில்ல.

செலவு காட்டறதுக்கு வச்ச டப்பான்னு சொன்னாரே, அவருக்கு ஒரு கணக்கு சொல்றேன். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிசத்துக்கு 2,000 சுத்து சுத்தினா 4,000 தடவை வெடிக்குது. நொடிக்கு 66, 67 தடவை. ஒவ்வொரு வெடியும் குழாய்ல ஒரு அடி. அந்த அடி எல்லாம் சேந்து ஒரே சுதியில ம்ம்ம்னு ஒரு இரைச்சல் வரும், கோயில் மாளத்துக்குள்ள நின்னுக்கிட்டு உறுமி கேக்கற மாதிரி நெஞ்சுல வந்து குத்தும். என் சம்சாரம் சந்தைக்கு வந்துட்டுத் திரும்பினாலே தலைவலின்னு படுத்துக்கும். வெயில்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்.

கடைசியில இருக்கிற பெரிய சைலன்சர் எல்லாச் சத்தத்தையும் பொதுவாக் கொறைக்கும். நடு டப்பா இந்த மாதிரி குறிப்பிட்ட இரைச்சலைப் பாத்து அடக்கறதுக்கு. குடத்துல தண்ணி பிடிக்கிறப்ப கவனிச்சிருப்பீங்க, தண்ணி ஏற ஏற சத்தம் கீச்சுக்குரலா மாறும். கண்ணு தெரியாத பாட்டிகூட குடம் நெறஞ்சதக் காதுல கண்டுபிடிச்சுடும். உள்ள இருக்கிற காத்தோட அளவு எவ்வளவோ, அதுக்கு ஏத்த சுதி. டப்பாவும் அதே கதைதான். அதோட நீளமும் வயிறும் எந்தச் சுதிய அடக்கணுமோ அதுக்குத் தகுந்த மாதிரி இருக்கும். சத்தம் உள்ள போயி முட்டித் திரும்பி வந்து, அடுத்து வர்ற சத்தத்தோட எதிரும் புதிருமா மோதி ரெண்டும் அடங்கிப் போகும். பஞ்சு வச்ச டப்பாவா இருந்தா பஞ்சு கொஞ்சம் குடிச்சுக்கும். இது சும்மா வச்ச டப்பாவா? வெட்டி எறியறதுன்னா குடத்து அடிய ஒடச்சுட்டு குடம் இன்னும் நிக்குதேன்னு சொல்ற மாதிரிதான்.

நாலாவதா ஒருத்தர் கெடைச்சார். டிரெய்லர் கட்டறவர், கலப்பைக்குக் கொழு வச்சுக் குடுக்கறவர், கார் வேலைன்னு போர்டுகூடக் கெடையாது. குழாயோட அளவு என்ன, டப்பா நீளம் என்ன, இதை மட்டும்தான் கேட்டார். அதே அளவுல ரெண்டு டப்பா கோயமுத்தூர்ல போயி வாங்கிட்டு வந்தேன், ஒண்ணு 1,450. குழாய வண்டியில வச்சு ஒட்டாம தனியா எறக்கித் தரையில வச்சார். மொதல்ல நாலு பொட்டு வச்சு, வண்டியில தூக்கி மாட்டி, எங்கயும் முட்டலைன்னு பாத்து, ஒண்ணு ரெண்டு பொட்டு வண்டியிலயே வைக்க வேண்டியிருந்ததால பேட்டரி வயரக் கழட்டிட்டு வச்சு, மறுபடி எறக்கி சுத்திலும் சி.ஓ.டூ வெல்டிங்ல முழுசா ஒட்டினார். டப்பாவோட மூட்டு மேல பாத்து இருக்கற மாதிரி வச்சு, அடியில சின்னதா ஒரு வடிகால். கூலி 900. ரப்பர் நாலு 240. ஆக மொத்தம் 4,040 ரூபாய். 18,000-மும் இல்ல, 600-ம் இல்ல. இந்த நடு வேலை செய்யறதுக்குத்தான் ஆள் இல்ல. ஏன் இல்ல? செட்டு வித்தா லாபம் இருக்கு, வெட்டி ஒட்டினா அரை மணியில காசு. அளவெடுத்து மாத்தறதுக்கு அரை நாள் ஆகுது. அந்த அரை நாளுக்குக் காசு குடுக்க நாமளும் தயாரா இல்ல, அதையும் ஒத்துக்கணும்.

இப்ப நம்ம ஊர்ப் பசங்களுக்கு. வண்டி வாங்கின மறுநாளே மொத வேலையா சைலன்சரக் கழட்டறீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டு மடியில கை வைக்கிறப்ப ரோட்டுல ஒரு வண்டி படபடன்னு பட்டாசு வெடிச்சுக்கிட்டுப் போகும். மாடு மெரண்டா சுரப்பு விடாது. பால அடக்கிக்கும். அப்புறம் அரை மணி நேரம் தட்டிக் குடுத்தாலும் மிச்சத்தை விடாது. மடியில நின்ன பால் மடி நோயில கொண்டு விடும். உங்க கம்பீரத்துக்குக் காசு நான் கட்டறேன், லிட்டர் கணக்குல.

கேட்டா பதில் வச்சிருக்காங்க. பவர் கூடுமாம். சின்ன எஞ்சினுக்குக் குழாய மட்டும் மாத்தி கூடற பவர் ஏதோ கொஞ்சம் இருந்தாலும், நம்ம ஊரு வேகத்தடைக்கு நடுவுல அதை எங்க போயி ஓட்டுவாங்க? சத்தம் கூடினதும் வேகம் கூடின மாதிரி தோணுது, அவ்வளவுதான். அடுத்தது பாதுகாப்பாம், சத்தம் கேட்டா எதிர்ல வர்றவன் ஒதுங்குவானாம். குழாய் பாக்கறது பின்னால. எதிர்ல வர்றவனுக்கு வேணும்னா ஹாரன் இருக்குது, லைட் இருக்குது. பின்னால இருக்கிற எங்களுக்கு நீ போயிட்டேன்னு தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?

ஒருத்தன் மட்டும் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் வரல. "பெரியப்பா, உங்க டிராக்டர் மட்டும் புல்லாங்குழலா ஊதுது?"ன்னான்.

நியாயந்தான். எங்க டிராக்டருக்கு மூக்குக்கு மேல நட்டமா நிக்கற சைலன்சர் அடியில ஓட்டையாகி ரெண்டு வெள்ளாமை ஆச்சு. அப்புறம் அது கழண்டு விழுந்து, வெறும் குழாயோட ஒரு வருசம் ஓட்டினேன். உழவு ஓட்டறவன் கலப்பையப் பாக்க வலது பக்கமாத்தான் பின்னால திரும்புவான். அப்பக் குழாய்க்கு நேராக் காட்டறது இடது காத. முப்பது வருசம் காட்டியிருக்கேன். இப்ப எனக்கு இடது காது மந்தம், போனை வலது காதுலதான் வைக்கிறேன். சைலன்சர் இல்லாத குழாயில நெருப்புப் பொறி பறக்கும், அந்த வண்டியோட தட்டுப்போருக்குப் பக்கத்துல போயி நின்னிருக்கேன். ஒண்ணும் ஆகலைங்கறது என் சாமர்த்தியம் இல்ல.

சட்டமும் டிராக்டரை விடல. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல 120-ஆவது விதி, விவசாய டிராக்டரையும் பேர் சொல்லிச் சேத்தே, எல்லா வண்டிக்கும் சைலன்சர் இருக்கணும்னு சொல்லுது. சத்தக் கட்டுப்பாட்டை மீறி ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆவது பிரிவுல, 2019-ல திருத்தினதுக்கு அப்புறம், மொத தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூணு மாசம் வரை ஜெயிலோ போடலாம், லைசென்சும் மூணு மாசம் போகும். 2000-ஆம் வருச ஒலி மாசு விதியில ராத்திரி 10 மணியிலிருந்து காலையில 6 மணி வரைக்கும் குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான் அளவு. நாலரை மணிக்கு லொடலொடன்னு போன என் வண்டியையும் அந்தக் கணக்குலதான் வைக்கணும். அந்தப் பாப்பாவோட பாட்டி என்னைச் சிரிச்சுக்கிட்டு விட்டுச்சு.

பல ஊர்ல போலீஸ் பிடுங்கின சைலன்சரை ரோட்டுல வரிசையா அடுக்கி, ரோடு ரோலரை ஏத்தி நசுக்கற படம் வருது. நல்லாத்தான் இருக்குது பாக்க. ஆனா அதே மாதிரி சைலன்சர் கடை வாசல்ல சாமந்தி மாலை போட்ட மாதிரி தொங்குது, அங்க ரோலர் போறதில்ல. வாங்கினவன் குத்தவாளி, வித்தவன் வியாபாரி. 600 ரூபாய்க்கு வெட்டி ஒட்டினவர் மெக்கானிக். அபராதம் கட்டற பையனோட அப்பன், மாட்டை வித்துக் கட்டுவான்.

பட்டறைக்காரங்க எல்லாரையும் சொல்லல. ஆனா உங்ககிட்ட ஒரு கோரிக்கை இருக்குது. மாத்தித் தரத் தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லிடுங்க, வேற எடம் பாத்துக்கறோம். சும்மா வச்ச டப்பான்னு சொல்லாதீங்க. உள்ள ஸ்க்ரூ எறக்கித் தர்றேன்னு எந்த வீட்டுப் புள்ள தூங்கற வண்டிக்கும் சொல்லாதீங்க.

பையனுக்கு இப்ப வண்டியில ஒரு கொறை. "அப்பா, வண்டி ஓடற மாதிரியே தெரியலப்பா"ங்கறான். பின்னால இருக்கிற பெரிய சைலன்சரையும் பழைய கம்பெனி அளவுக்கு மாத்தணும்னு சொல்லியிருக்கேன். மொறைச்சுக்கிட்டு இருக்கான். அதுக்கு முன்னாடி செவ்வாய்க்கிழமை டிராக்டரை அந்த டிரெய்லர் கட்டறவர்கிட்ட விடறேன், புது சைலன்சர் வந்துடுச்சாம். அது மாட்டாம இவன்கிட்ட நான் வாயத் தொறக்க முடியாது.

பொளந்த டப்பா மோட்டார் ரூம்ல ஜன்னலோரமாக் கெடக்குது, பொளக்காதது ஒண்ணும் இருக்குது. குலுக்கிப் பாக்கணும்னு தோணினா சாயங்காலமா வாங்க. பால் கறக்கற நேரம் மட்டும் வேண்டாம்.